நின்றுபோன கணினியின் சார்பில் ஒரு பதில்

தீபாவளிக்கு முந்திய வாரம் கினிகத்தேனை நகரத்து ஏ.டி.எம். இயந்திரங்களின் முன்னால் வரிசை நீளும். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நேரம் அது. வட்டவளைப் பக்கமிருந்தும் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் குடையும் பையுமாக நிற்பார்கள். அட்டையைச் செருகி, இரகசிய இலக்கத்தை அழுத்தி, தொகையைச் சொன்னதும் 'பொறுத்திருங்கள்' என்று திரை கேட்டுக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளுக்குள் கேள்வி கொழும்பு வரை போய், கணக்கைத் திறந்து, மீதியைப் பார்த்து, தொகையைக் கழித்து எழுதி, விடையோடு மலையேறித் திரும்பிவிடும். அட்டை ஒரு வங்கியுடையதாகவும் இயந்திரம் இன்னொரு வங்கியுடையதாகவும் இருந்தால், லங்காகிளியர் நிறுவனம் 2013இல் தொடங்கிய பொது ஏ.டி.எம். வலையமைப்பு நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும்.

இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், கணக்குகள் உறங்கும் தரவுத்தளத்தின் வாசலில், ஒரு சின்ன நிரல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு லிசனர் என்று பெயர். அது கணக்கைப் படிப்பதுமில்லை, எழுதுவதுமில்லை. வருபவரை வரவேற்று உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எந்த முகவரியை எழுதுவது என்ற கேள்விக்குள், கணினித்துறை பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட ஒரு விடை ஒளிந்திருக்கிறது. செத்துப்போன கணினி 'நான் இல்லை' என்று எப்படிச் சொல்லும்? அதற்கான விடைதான் அது.

முதலில், ஏன் பல கணினிகள்? 1888இல் ஹட்டனில் இரண்டு தோட்டத்துரைமார் ஹட்டன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்றைய ஹட்டன் நெஷனல் வங்கியின் வேர் அதுதான். அந்தக் காலத்தில் கணக்கு என்றால் பேரேடு. பேரேடு எங்கேயோ அங்கேதான் வங்கி. கணினி வந்த பிறகும் நெடுநாள் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு பெரிய கணினி, அதனோடு இணைந்த வட்டுகளில் எல்லாக் கணக்குகளும். அது நின்றால் வங்கியே நின்றது.

இந்த ஒற்றைப் புள்ளியை உடைக்க, ஒரே தகவலைப் பல கணினிகள் கூட்டாக ஆளவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1983இல் வாக்ஸ்கிளஸ்டர் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் இயங்கிய இந்திய ரயில்வேயின் முன்பதிவு முறை அந்த வழிவந்த கிளஸ்டர்களின், அதாவது கணினிக் கூட்டங்களின், மேல்தான் நீண்ட காலம் ஓடியது. சென்னை சென்ட்ரலில் வரிசையில் நின்று பயணச்சீட்டு வாங்கிய எத்தனையோ பேர், தங்கள் பெயரைக் குறித்துக்கொண்டது தனிக் கணினியா கணினிக் கூட்டமா என்று அறியாமலே ஊர்போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தரவுத்தள உலகில் இதைப் பரவலாக்கியது ஆரக்கிள் நிறுவனம் 2001இல் ஒன்பதாம் பதிப்போடு வெளியிட்ட ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ். இரண்டோ, நான்கோ, அதற்கு மேலோ கணினிகள். எல்லாவற்றுக்கும் பொதுவான வட்டுகள். கணினிகளுக்கிடையே மட்டும் ஓடும் தனி வலையமைப்பு. ஒரு கணினியின் நினைவகத்தில் இருக்கும் கணக்குப் பக்கம் இன்னொன்றுக்குத் தேவைப்பட்டால், வட்டுக்குப் போய்வராமல் அந்தத் தனி வழியாக நேரே கைமாறும்.

சரி, வெளியிலிருந்து வரும் கேள்வி எந்தக் கணினிக்குப் போவது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு நினைவுக்கு வரும். கணக்கப்பிள்ளை கொழுந்து பறிப்பதில்லை. இன்றைக்கு எந்த மலையில் ஆள் தேவை என்று அவருக்குத் தெரியும். பெயரைக் குறித்து, 'நீ அந்த மலைக்குப் போ' என்று அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு வேலை ஆளுக்கும் மலைக்கும் நடுவில்தான். லிசனரும் அவ்வளவுதான். வாடிக்கையாக 1521 என்ற இலக்கமுள்ள போர்ட்டில் காத்திருக்கும். ஒரு செயலி வந்து இன்ன சேவை வேண்டும் என்று கேட்டால், அந்தச் சேவையைத் தரும் கணினிகளில் சுமை குறைந்தது எது என்று பார்த்து அங்கே திருப்பிவிடும். அந்தக் கணினியிலுள்ள லிசனர், வந்தவருக்கென்று ஒரு செயல்முறையை உண்டாக்கி இணைப்பை அதன் கையில் கொடுத்துவிடும். கொடுத்தபின் லிசனரை அணைத்தாலும் நடந்துகொண்டிருக்கும் பேச்சு அறுபடாது. புதியவர்கள்தான் உள்ளே வரமுடியாது.

எந்தக் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று லிசனருக்கு யார் சொல்வது? தரவுத்தளமே சொல்லும். ஒவ்வொரு கணினியிலும் அதற்கென்றே ஒரு பின்னணிச் செயல்முறை இருக்கிறது. தன் கணினியின் லிசனரிடமும் கூட்டத்தின் பொது லிசனர்களிடமும் அது போய், 'நான் விழித்திருக்கிறேன், இன்னின்ன சேவை தருகிறேன், என் சுமை இவ்வளவு' என்று பதிவுசெய்யும். லோக்கல்_லிசனர், ரிமோட்_லிசனர் என்ற இரண்டு அமைப்புகள் அந்த இரண்டு முகவரிகளைச் சொல்பவை. லிசனரை நிறுத்தித் திரும்ப ஏற்றினால், அடுத்த பதிவு வரும்வரை அதற்கு எந்தத் தரவுத்தளமும் தெரியாது. அதிகபட்சம் ஒரு நிமிடம். அந்த நிமிடத்துக்குள் வருபவர்களுக்கு ஓரா-12514 என்ற பிழை இலக்கம் கிடைக்கும். நீங்கள் கேட்கும் சேவை எனக்கு இப்போது தெரியாது என்று பொருள். அனுபவமில்லாதவர்கள் பதறிப்போய் அந்த ஒரு நிமிடத்துக்குள் அமைப்புகளை மாற்றத் தொடங்குவதும், நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு.

இனித்தான் விஷயத்தின் நடுப்பகுதி. கூட்டத்தில் ஒரு கணினி திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்வழங்கி எரிந்துபோனது, அவ்வளவுதான். முன்னறிவிப்பு கிடையாது. அந்தக் கணினியின் முகவரியை நோக்கி ஒரு செயலி இணைப்புக் கோருகிறது. என்ன விடை வரும்?

எந்த விடையும் வராது. துன்பமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இணைய நெறிமுறையில் மறுப்பு என்பதும் ஒரு செய்தி. அதை அனுப்ப உயிரோடு ஓர் ஆள் வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருந்து லிசனர் மட்டும் நின்றிருந்தால், இயங்குதளமே 'இந்தப் போர்ட்டில் எவருமில்லை' என்று மில்லிவிநாடிகளில் மறுத்துவிடும். கணினியே செத்திருந்தால் மௌனம். மௌனத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். வழியில் நெரிசல், தொலைந்துபோன ஒரு பொட்டலம், உண்மையான சாவு. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே லினக்ஸ் கணினி ஒன்று பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தட்டும். ஒரு விநாடி காத்து ஒருமுறை, பிறகு இரண்டு விநாடி, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. கடைசியாக அறுபத்து நான்கு விநாடி காத்துவிட்டுக் கைவிடும். வழக்கமான அமைப்பில் கூட்டிப் பார்த்தால் 127 விநாடிகள். இரண்டு நிமிடத்துக்கு மேல்! பக்கத்தில் நல்ல நிலையில் இன்னொரு கணினி சும்மா இருக்கும்போது, செத்த கணினியின் வாசலில் இரண்டு நிமிடம்.

இதற்குக் கண்ட விடையைப் படித்தறிந்தவர்களில் பலர் அதை ஓர் அமைப்பு விவரமாக மட்டுமே கடந்துபோகிறார்கள். எனக்கு அது கணினித்துறையின் அழகான எண்ணங்களில் ஒன்று. ஒவ்வொரு கணினிக்கும் அதன் சொந்த முகவரியோடு இன்னொரு முகவரியும் கொடுக்கிறார்கள். அதை மெய்நிகர் முகவரி என்போம். லிசனர் அந்த முகவரியில்தான் காத்திருக்கிறது. வெளியுலகுக்கும் அதுதான் தரப்படுகிறது. கணினி செத்தால், உயிரோடிருக்கும் அண்டைக் கணினி அந்த முகவரியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றவுடன், 'இந்த முகவரி இனி என்னிடம்' என்று வலையமைப்பு முழுவதற்கும் அறிவிக்கிறது. எதற்காக ஏற்கிறது? செத்தவரின் வேலையை அந்த முகவரியில் தொடர்ந்து செய்வதற்கு என்று நினைப்போம். இல்லை. அந்த முகவரிக்கு வருபவர்களை உடனே மறுப்பதற்காக. அண்டைக் கணினியில் அந்த முகவரிக்கென்று லிசனர் எதுவும் காத்திருக்காது. இணைப்புக் கோரி வருபவருக்கு இயங்குதளம் கண்ணிமைக்கும் நேரத்தில் 'இல்லை' என்கிறது. செயலியும் கையிலுள்ள அடுத்த முகவரிக்குப் போய்விடுகிறது. ஒரு முகவரி உயிர்பிழைத்து ஊர்மாறிப் போவது, தன் பழைய எஜமான் இல்லை என்பதை விரைந்து சொல்வதற்காகவே.

அண்டைக் கணினிக்குச் சாவு எப்படித் தெரிகிறது என்பதும் சொல்லவேண்டியது. கணினிகள் தமக்குள் விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்கின்றன. ஆரக்கிள் கிளஸ்டரின் வழக்கமான அமைப்பில் 30 விநாடிகள் அந்தக் குரல் கேட்காவிட்டால் அந்தக் கணினி கூட்டத்திலிருந்து நீக்கப்படும். ஆனால் குரல் கேட்காததற்குக் காரணம் சாவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நடுவிலுள்ள கம்பி அறுந்திருந்தால் இரண்டு பக்கமும் 'நான்தான் உயிரோடு இருக்கிறேன், அவன் செத்துவிட்டான்' என்று முடிவுகட்டி ஒரே கணக்கில் இருவரும் எழுதத் தொடங்கலாம். ஒரே முற்பணத்தை இரண்டு தடவை கொடுத்தாலும் கொடுக்கும். கொடுத்ததை அழித்தாலும் அழிக்கும். இதைத் தடுக்க, பொது வட்டில் வாக்குக் கோப்புகள் என்று சிலவற்றை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றை எட்ட முடியாத கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் அவற்றை எட்டும் நிலையில், எந்தப் பக்கம் பிழைக்கவேண்டும் என்பதை அந்தக் கோப்புகளில் பதிந்ததை வைத்துக் கூட்டத்தின் மென்பொருள் தீர்மானிக்கும். மற்றப் பக்கம் அடங்கவேண்டும். அதன் பிறகே மெய்நிகர் முகவரி இடம்மாறும். அந்த 30 விநாடி இடைவெளியைச் செயலியின் பக்கத்தில் குறுக்கலாம். முகவரி ஒன்று மூன்று விநாடிக்குள் பேசாவிட்டால் அடுத்ததைப் பார் என்று எழுதிவைக்க ஓர் அமைப்பு உண்டு. கொழும்பில் மூன்று விநாடி என்பது கினிகத்தேனையில் அட்டையோடு நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

2009இல் வந்த பதினோராம் பதிப்பின் இரண்டாம் வெளியீடு இன்னொரு தலைவலியைத் தீர்த்தது. அதற்கு முன்பு கூட்டத்தில் எத்தனை கணினிகளோ அத்தனை மெய்நிகர் முகவரிகளையும் ஒவ்வொரு செயலியின் கோப்பிலும் எழுதவேண்டும். ஐந்தாவது கணினி ஒன்றைச் சேர்த்தால், எங்கெங்கோ கிடக்கும் கோப்புகளையெல்லாம் தேடித் திருத்தவேண்டும். ஒன்றை மறந்தால் அந்தச் செயலி புதிய கணினியை அறியாமலே கிடக்கும். ஸ்கேன் என்ற புதிய ஏற்பாட்டில் கூட்டம் முழுவதற்கும் ஒரே பெயர். பெயரைக் கேட்டால் பெயர்த்தீர்வுச் சேவையகம் மூன்று முகவரிகளைத் தரும். ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றித் தரும். கூட்டத்தில் பத்துக் கணினிகள் இருந்தாலும் ஸ்கேன் முகவரிகள் மூன்றுதான். மூன்றிலும் ஒவ்வொரு லிசனர். முன்னே சொன்ன பொது லிசனர்கள் இவைதான். அவை வழிகாட்டுவதோடு சரி என்பதால் மூன்றே போதுமானது.

இந்த ஸ்கேன் முகவரிகளின் நடத்தை, முன்னே சொன்ன மெய்நிகர் முகவரிகளுக்கு நேர்மாறு. இவற்றில் ஒன்றைத் தாங்கிய கணினி செத்தால், முகவரியோடு அதன் லிசனரும் சேர்ந்து அண்டைக் கணினிக்குப் போகும். போன இடத்தில் வேலையைத் தொடரும். ஒன்று மறுப்பதற்காக இடம்மாறுகிறது, மற்றது வரவேற்பதற்காக. காரணம் எளியது. ஸ்கேன் முகவரி கூட்டத்தைக் குறிக்கிறது, கூட்டம் சாகவில்லை. கணினியின் மெய்நிகர் முகவரியோ அந்த ஒரு கணினியைக் குறிக்கிறது, அது செத்துவிட்டது. இரண்டையும் மனத்தில் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பவருக்கு லிசனர் அமைப்பில் தடுமாற்றம் வருவது அரிது.

பிரிக்காதவர்களுக்கு வரும் கோளாறு ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். புதிய கூட்டம் தயார். வங்கிச் செயலிகளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் இணைப்புகளை வடிகட்டும் ஒரு தீச்சுவர். செயலிகள் ஸ்கேன் பெயரைத்தானே பயன்படுத்துகின்றன என்று, அந்த மூன்று முகவரிகளுக்கு மட்டும் 1521ஐத் திறந்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தால், இணைப்பு முதலில் போகிறது, ஸ்கேன் லிசனர் உடனே பதிலும் தருகிறது. அந்தப் பதிலுக்குள் இருப்பது, 'இரண்டாம் கணினியின் மெய்நிகர் முகவரிக்குப் போ' என்ற திருப்பல். செயலி அந்த முகவரியை நாடுகிறது. தீச்சுவர் அதை அறியாது. மறுக்கவும் செய்யாமல் பொட்டலத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. மௌனம். அப்புறம் காலாவதி. லிசனரின் பதிவேட்டைத் திறந்தால் எல்லாம் சரியாக நடந்ததாகவே எழுதியிருக்கும், ஏனென்றால் அதன் பங்கு சரியாகத்தான் நடந்தது. முதலாம் கணினியின் மெய்நிகர் முகவரி மட்டும் ஏற்கெனவே வேறெதற்கோ திறந்திருந்தால் கதை இன்னும் சிக்கல். சுமை எந்தப் பக்கம் குறைவோ அதைப் பொறுத்து ஒருமுறை போகும், ஒருமுறை போகாது. இடைவிட்டு வரும் கோளாறு என்று பெயரிட்டு வலையமைப்புக்காரரும் தரவுத்தளக்காரரும் நாட்கணக்கில் ஒருவர்மேல் ஒருவர் பழிசொல்லிக்கொள்வார்கள். ஸ்கேன் முகவரிகளோடு கணினிகளின் எல்லா மெய்நிகர் முகவரிகளையும் திறப்பதுதான் தீர்வு. ஐந்து நிமிட வேலை.

இதற்கு உறவான கோளாறு இன்னொன்று. லோக்கல்_லிசனர் அமைப்பில் முகவரிக்குப் பதிலாகக் கணினியின் குறும்பெயரை எழுதிவிடுவார்கள். கூட்டத்துக்குள் அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். திருப்பலில் அதே குறும்பெயர் வெளியே போகும். வெளியிலுள்ள செயலிக்கோ அப்படியொரு கணினியைத் தெரியாது. இங்கே ஓரா-12545 வரும். தன்னியக்கமாக அமையும்படி விட்டுவிட்டால் கிளஸ்டரே மெய்நிகர் முகவரியைச் சரியாக எழுதிக்கொள்ளும். கைவைத்து மேம்படுத்தப்போய்த்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் வருகிறது.

லிசனர் எவர் வந்து பதிவுசெய்தாலும் நம்பிய காலமும் இருந்தது. வலையமைப்பில் எட்டும் தூரத்திலுள்ள எந்தக் கணினியும் 'நானும் அந்தச் சேவையைத் தருகிறேன், என் சுமை மிகக் குறைவு' என்று சொல்லலாம். லிசனரும் நல்லெண்ணத்தோடு வாடிக்கையாளர்களை அந்தப் போலிக்கு அனுப்பிவைக்கும். போலி எல்லாவற்றையும் படித்துவிட்டு மெய்யான தரவுத்தளத்துக்குத் தள்ளிவிட்டால் எவருக்கும் சந்தேகம் வராது. ஹோசேயன் கோரெட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை 2008இல் ஆரக்கிளுக்குத் தெரிவித்தார். விவரம் 2012 ஏப்ரலில் வெளிவந்தது. பிறகு வந்த பதிப்புகளில், பதிவுசெய்ய வருபவர் கூட்டத்தின் உறுப்பினர்தானா என்று முகவரியைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதி சேர்ந்தது. பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டும் இடங்களில் இந்தச் சரிபார்ப்பு இயங்குகிறதா என்று யாராவது போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மக்களின் பணம் போகும் வாசல் அது.

இதுவரை பேசியதெல்லாம் புதிய இணைப்புகளைப் பற்றி. வங்கிச் செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் புதிய இணைப்பு திறப்பதில்லை. முன்கூட்டியே திறந்த இணைப்புகளின் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கும். நீங்கள் பணம் எடுக்கும்போது லிசனர் அநேகமாகத் தொடப்படுவதேயில்லை. முற்பண வாரத்தில் கேள்விகள் பெருகித் தொகுப்பு போதாமல் போகும்போதோ, ஒரு கணினி விழுந்து அதன் இணைப்புகளெல்லாம் ஒரே நேரத்தில் வேறிடம் தேடும்போதோ வாசலில் கூட்டம் நெரியும். அதற்காகவே லிசனரிடம் விநாடிக்கு இத்தனை இணைப்புக்கு மேல் ஏற்காதே என்று வரம்பு வைக்கலாம்.

ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பின் மறுமுனை சாவது வேறு வகைத் தொல்லை. கேள்வியை அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கும் செயலிக்கு மறுமுனையின் சாவு தெரியாது. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று லினக்ஸ் இயல்பாகச் சோதிப்பது 7200 விநாடிக்குப் பிறகு, அதாவது இரண்டு மணி நேரம் கழித்து. இங்கேதான் ஏ.டி.எம்.மின் முன்னால் நிற்பவர் அடிபடுகிறார். விடை வராமல் காலம் கடந்தால் இயந்திரம் பணம் தராது. கழித்து எழுதப்பட்டதா இல்லையா என்பதும் அதற்குத் தெரியாது. கழித்திருந்தால் திருப்பி எழுது என்ற மறுதலைச் செய்தியை அனுப்பும். அது கணக்கில் சரியாக நாளாகலாம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அரைநாள் சம்பளத்தை இழந்து நகரத்துக்கு இறங்கியவருக்கு, துணிக்கடைக்குக் கொடுக்கவேண்டிய காசு கணக்கிலும் இல்லை கையிலும் இல்லை. எனவே கிளஸ்டர், ஒரு கணினி விழுந்ததும் செயலிகளுக்குத் தானாகவே செய்தி அனுப்பும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. செய்தி கிடைத்ததும் தொகுப்பு அந்தக் கணினிக்கான இணைப்புகளையெல்லாம் அறுத்தெறிந்துவிடும். புதியவருக்கு மெய்நிகர் முகவரி சொன்ன அதே 'இல்லை'யை, உள்ளே இருப்பவருக்கு இந்த அறிவிப்பு சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இடங்கள் உண்டு. அறிவிப்புக்கு வேறு போர்ட். தீச்சுவரில் அதையும் திறக்கவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று அறிய ஒரே வழி, ஓடும் கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்குவது. கட்டளை கொடுத்து ஒழுங்காக நிறுத்திப் பார்ப்பது சோதனையாகாது. அப்போது லிசனர் விடைபெற்று, முகவரி பக்குவமாக இடம்மாறி, எல்லாரும் முன்னறிவிப்போடு நடந்துகொள்வார்கள். பிடுங்கிய பிறகு கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். பிறகு கணினிகளுக்கிடையிலான கம்பியை மட்டும் பிடுங்கி இன்னொரு முறை. பிறகு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து மூன்றாவதையும் பார்க்கவேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலர் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எழுந்துவந்த கணினியிடம் அதன் மெய்நிகர் முகவரி தானாகத் திரும்பிவிடும், ஆனால் இடம்மாறிப்போன இணைப்புகள் தாமாகத் திரும்புவதில்லை. லிசனர்களின் கணக்கில் சுமை குறைந்த கணினி அதுதான் என்பதால் புதியவர்கள் எல்லாரும் அதை நோக்கியே அனுப்பப்படுவார்கள். அதன் நினைவகமோ அப்போது வெறுமை. ஒவ்வொரு கணக்குப் பக்கத்தையும் அண்டைக் கணினியிடமோ வட்டிடமோ கேட்டுத்தான் வாங்கவேண்டும். சில நிமிடங்களுக்கு, நலமாக எழுந்துவந்த கணினியே கூட்டத்தில் மிக மெதுவானதாக இருக்கும்.